அணையாத அடுப்பும் ஒரு கண்ணாடியும்

முதல் நாள், அடையாறு

இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தியான வகுப்பில் சேர்ந்தேன். எந்த அமைப்பு என்பது வேண்டாம். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டேன். "உங்க மனசு இன்னும் அடங்கலை, அதான் கேள்வி வருது" என்றார் நடத்தியவர். அறையே சிரித்தது. அன்றோடு அந்த வகுப்பை விட்டுவிட்டேன். கேள்வி மட்டும் என்னை விடவில்லை. இருக்கிற மதங்கள் போதாதென்று புதிதாக ஒரு வழி ஏன் பிறக்கிறது? பிறந்த பிறகு, கேள்வி கேட்கிறவனை அது எங்கே உட்கார வைக்கிறது? படித்துப் படித்துப் பார்த்தேன். பிறகு, போய் நின்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே நான்கு இடங்கள், ஐந்து நாட்கள்.

பிரம்மஞான சபையின் வாசலைத் தாண்டியதும் நகரத்தின் சத்தம் நின்றுபோகிறது. 250 ஏக்கருக்கு மேல் மரங்கள். ஹெலினா பிளவாட்ஸ்கி என்ற ரஷ்யப் பெண்மணியும் கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கரும் வேறு சிலரோடு சேர்ந்து 1875 நவம்பர் 17 அன்று நியூயார்க்கில் தொடங்கிய சபை இது. 1879இல் பம்பாய்க்கு வந்தார்கள். 1882 டிசம்பரில் அடையாற்றங்கரையில் இந்தத் தோட்டத்துக்குக் குடிவந்தார்கள். "உண்மையை விட உயர்ந்த மதம் இல்லை" என்பது சபையின் வாசகம்.

தலைமையக மண்டபத்தில் இருவருக்கும் சிலை இருக்கிறது. பிளவாட்ஸ்கி உட்கார்ந்திருக்கிறார், ஆல்காட் பக்கத்தில் நிற்கிறார். சுவரில் கிருஷ்ணர், புத்தர், இயேசு, ஜரதுஷ்டிரர். வெளியே நடந்தால் ஒரே வளாகத்துக்குள் இந்துக் கோயில், புத்தர் ஆலயம், தேவாலயம், மசூதி, பார்சிக் கோயில் என்று ஒவ்வொன்றாக வருகிறது. எல்லாமே சிறியவை. நான் போனபோது எதிலும் ஆளில்லை.

அங்கே இருந்த ஒரு பெரியவரிடம், இதில் சேர என்னென்ன நம்ப வேண்டும் என்று கேட்டேன். "எதையும் நம்ப வேண்டாம் சார். சாதி, மதம், இனம், ஆண் பெண் பேதம் பாக்காத சகோதரத்துவம். மதங்களையும் தத்துவத்தையும் அறிவியலையும் ஒப்பிட்டுப் படிக்கிறது. இயற்கையிலும் மனுஷனுக்குள்ளும் இன்னும் விளங்காம இருக்கிறதை ஆராயிறது. இந்த மூணு நோக்கமும் சம்மதம்னா சேரலாம்" என்றார். அவர் சொன்ன விதத்தில் அவசரமே இல்லை. என்னைச் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இந்தச் சபையின் கதையில் நான் மறுபடி மறுபடி போய் நிற்பது ஜே. கிருஷ்ணமூர்த்தியிடம்தான். 1909இல் இதே அடையாறு கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து, உலகத்துக்கு வரப்போகும் குருவுக்கு உடலாக அமையப்போகிறவன் இவன்தான் என்று சபையின் முன்னணிப் பிரமுகரான லெட்பீட்டர் முடிவு செய்தார். சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் அவரை மகன்போல வளர்த்தார். 1911இல் அவரைத் தலைவராக வைத்து ஒரு சங்கமே கட்டினார்கள். பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். 1929 ஆகஸ்ட் 3 அன்று, ஹாலந்தில் ஓமன் என்ற இடத்தில், ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால், பெசன்ட் அம்மையாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சங்கத்தைக் கலைத்தார் கிருஷ்ணமூர்த்தி. உண்மைக்குப் பாதை கிடையாது, எந்த அமைப்பாலும் யாரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்றார். சங்கத்துக்கு வந்த சொத்துகளும் திரும்பிப் போயின. தனக்காகப் போட்ட சிம்மாசனத்திலிருந்து ஒருவர் தானாக எழுந்து போவது எத்தனை பெரிய காரியம். எந்தக் குருவைப் பற்றிப் படித்தாலும் என் மனம் இந்த ஒரு நாளைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறது.

கடைசியாக ஆலமரத்தடிக்குப் போனேன். சுமார் 450 வயது என்கிறார்கள். 1989இல் அடித்த புயலில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. இப்போது நிற்பதெல்லாம் விழுதுகள். எது விழுது, எது மரம் என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை.

நாளைக்கு ஆரோவில்.

இரண்டாம் நாள், ஆரோவில்

இங்கே பேச்சு குறைவு, அதனால் எழுதவும் குறைவாகத்தான் இருக்கிறது.

1968 பிப்ரவரி 28. வெட்டவெளியாகக் கிடந்த செம்மண் மேட்டில், ஒற்றை ஆலமரத்துக்குப் பக்கத்தில், 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் போட்டு இந்த ஊரைத் தொடங்கினார்கள். அரவிந்தர் 1950இலேயே மறைந்துவிட்டார். இது அவருடைய ஆன்மிகத் துணைவரான அன்னையின் கனவு. ஆரோவில் யாருக்கும் தனிப்பட்டுச் சொந்தமில்லை, மனிதகுலம் முழுமைக்கும் சொந்தம் என்பது அவர் எழுதிய சாசனத்தின் முதல் வரி. இங்கே மதம் கிடையாது என்பதையும் அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

ஊரின் நடுவில் இருக்கும் தியான மண்டபமான மாத்ரி மந்திருக்குள் போக முன்பதிவு செய்திருந்தேன். செருப்பைக் கழற்றி வைத்ததும் வெள்ளைக் காலுறை கொடுக்கிறார்கள். சரிவுப் பாதையில் சுற்றிச் சுற்றி மேலே ஏறினால் வெள்ளைப் பளிங்கு அறை. பன்னிரண்டு தூண்கள். நடுவில் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள படிகக் கோளம். மேலே இருந்து ஒரே ஒரு கற்றை சூரிய ஒளி அதன் மேல் இறங்குகிறது. படம் இல்லை, பூ இல்லை, ஊதுபத்தி இல்லை, மந்திரம் இல்லை. யாரோ ஒருவருக்கு இருமல் வந்தது. அதை அடக்கிக்கொள்ள அவர் பட்ட பாட்டை முழு அறையும் கேட்டது.

மனம் ஒடுங்கியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் யாரிடமும் எதையும் கேட்க முடியவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த அறையில் கேள்வி எழவே இல்லை. அது நல்லதா கெட்டதா என்று மாலை வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பும் வழியில் காட்டுக்குள் நடந்தேன். மழை வந்தால் மண்ணோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பொட்டல் இது. வந்து குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்து மக்களும் கரை போட்டு, தண்ணீரைத் தேக்கி, மரம் மரமாக நட்டு வளர்த்திருக்கிறார்கள். நிழலில் உட்கார்ந்து கூடையை இறக்கி வைத்திருந்த அக்கா ஒருவர், "உள்ள போய்ப் பாத்தீங்களா? எங்க மாமனார் அங்கதான் மண்ணு தோண்டினாரு" என்றார். மந்திருக்கு அடித்தளம் போடும் வேலை 1971இல் ஆரம்பித்து, எல்லாம் முடிய 2008 ஆயிற்று. இங்கே வேறு எதையும்விட அந்த ஒரு வாக்கியம்தான் என்கூட வந்தது.

மூன்றாம் நாள், வடலூர்

வள்ளலாரை எனக்குப் பள்ளிப் பாடத்திலிருந்தே தெரியும். வெள்ளாடை போர்த்த படம், வாடிய பயிரைக் கண்டு வாடியவர். அந்த அளவுக்குத்தான் தெரியும் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில், அடையாற்றுக்கும் வடலூருக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. தொழுவூர் வேலாயுத முதலியார் வள்ளலாரின் முதன்மையான மாணவர். திருவருட்பாவை முதலில் அச்சுக்குக் கொண்டுவந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர். 1882இல் அவர் பிரம்மஞான சபைக்கு ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். உலக சகோதரத்துவத்தைச் சொல்ல ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று தம் குரு முன்பே சொல்லியிருந்தார் என்பது அதன் சாரம். சபையின் பத்திரிகையில் அதைப் போட்டார்கள். குரு மறைந்து எட்டு வருடம் ஆன பிறகு, வந்திறங்கிய வெளிநாட்டவரைப் பார்த்து, "இவர்களைத்தான் ஐயா சொன்னாரோ" என்று ஒரு மாணவர் நினைத்ததை என்னால் உணர முடிகிறது. வள்ளலார் கடை விரித்தும் கொள்வார் இல்லாமல் போன கடைக்கு, ஆள் வருகிறது என்று அவர் நம்பியிருக்கிறார். ஏங்கிப்போன மனசு அது.

வள்ளலார் கட்டிய சத்திய ஞான சபை எண்கோணக் கட்டடம். தெற்கு பார்த்தது. பழைய சிதம்பரம் பூர்வ ஞான சிதம்பரம், இது உத்தர ஞான சிதம்பரம் என்றார் வள்ளலார். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம். உள்ளே சிலை கிடையாது. ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, முன்னால் ஏழு திரைகள்: கருமை, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெண்மை, கடைசியாக எல்லாம் கலந்த ஒன்று. தைப்பூசத்தன்று ஏழும் விலகும். சாதியும் மதமும் சமயமும் பொய் என்று அகவலில் எழுதியவர் கட்டிய இடம் இப்படித்தான் இருக்க முடியும் என்று தோன்றியது.

வாசலில் ஒரு வாசகம்: புலை, கொலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வர வேண்டும்.

நான் மீனும் கறியும் தின்று வளர்ந்தவன். இன்றுவரை விடவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. அந்த வாசகம் மட்டும்தான் கேட்டது. வெளியே நின்றே கும்பிட்டேன். கொஞ்சம் வலித்தது, மறைக்க மாட்டேன். எல்லோரையும் ஒன்று என்று சொன்னவரும் ஒரு கோடு போட்டிருக்கிறாரே என்ற நினைப்போடு, அன்னதானம் நடக்கும் தருமச்சாலைப் பக்கம் நடந்தேன்.

அங்கேதான் எனக்குப் பதில் கிடைத்தது.

சபைக்கு ஐந்து வருடம் முந்தியது தருமச்சாலை. 1867 மே 23 அன்று வள்ளலார் தன் கையால் அடுப்பு மூட்டினார். அன்றைக்கு மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை என்கிறார்கள். அந்த அடுப்பைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நீளமாக, தரையோடு தரையாக, கரி படிந்து கறுத்துப்போன வாய்கள். ஒரு வாயில் விறகு மூன்று கட்டையாகக் குறுக்கே கிடந்தது. ஒரு கட்டை நுனி வரை எரிந்து, கங்கு சாம்பலுக்குள் மூச்சு விடுவது மாதிரி சிவந்தும் மங்கியும் இருந்தது. விறகு தள்ளிக்கொண்டிருந்தவர் அதன் மேல் புதிய கட்டையைச் சாய்த்து வைத்தார். ஊதவில்லை. அதுவாகவே பிடித்துக்கொண்டது. ஒரு தீயை இன்னொரு தீக்குக் கை மாற்றிக் கொடுப்பதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. சாமி ஊர்வலம் பார்க்கிறவன் போல நின்றுகொண்டிருந்தேன்.

பரிமாறிக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் போய், "அம்மா, சபைக்குள்ள வர கட்டுப்பாடு இருக்கே, இங்க இல்லையா?" என்று ஆரம்பித்தேன்.

"சாப்ட்டியா தம்பி?"

"இல்லம்மா, அதுக்கு முன்னாடி ஒண்ணு..."

"பசியோட கேட்டா பதில் எப்படிப் புரியும்? உக்காரு."

பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. பக்கத்தில் லாரி ஓட்டுகிறவர் ஒருவர், அந்தப் பக்கம் பிச்சை எடுக்கும் பாட்டி ஒருவர். என்ன சாதி, என்ன மதம், நேற்று என்ன தின்றாய் என்று கேட்காத பந்தி. சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா வந்து, "இப்பக் கேளு" என்றார். கேட்டேன். "வெளக்குக்குக் கட்டுப்பாடு உண்டு, வயித்துக்குக் கெடையாது. ஐயா அப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு" என்றார். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில் இதையேதான் வள்ளலார் எழுதியிருக்கிறார். பசித்தவனுடைய தேசம், சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்காமல் சோறு போட வேண்டும். படித்தபோது அது எனக்கு ஒரு கருத்து. இன்று அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

பிற்பகலில் மேட்டுக்குப்பம் போனேன். சித்தி வளாகம். 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் இங்கே ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஜோதியில் கலந்தார் என்பது அவர் வழி நடக்கும் சன்மார்க்கத்தாரின் நம்பிக்கை. அந்தக் கதவுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் "அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து சொன்னேன். உதடு தானாகச் சேர்ந்துகொண்டது.

அவர் மறைந்து இரண்டே வருடத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் மட்டும் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். அந்த நாட்களில் இந்த அடுப்புக்கு முன்னால் எத்தனை பேர் வந்து நின்றிருப்பார்கள் என்று நினைக்கையில் தூக்கம் வரவில்லை. இதை எழுதும்போது விருத்தாசலத்தில் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். இரவு மணி பதினொன்றுக்கு மேல்.

நான்காம் நாள், வழியில்

திருநெல்வேலியில் இறங்கி திருச்செந்தூர் ரயில் பிடித்தேன். நடுவில் நாசரேத் ஸ்டேஷன். இறங்க நேரமில்லை. ஆனால் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தேன். இந்தப் பக்கத்து ஊரான பிரகாசபுரத்தில்தான் 1857இல் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் வெள்ளைக்கார மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தனிச் சபை கண்டார். இயேசு வேண்டும், ஐரோப்பியப் பாதிரியார் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் சனிக்கிழமையே ஓய்வு நாள் என்றார். மிஷனரியான கால்டுவெல் 1849இல் சட்டாம்பிள்ளையின் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய புத்தகம் இந்தக் கோபத்துக்கு நெய் வார்த்தது. இந்தச் சபைக்காக மட்டும் இன்னொரு தடவை வர வேண்டும்.

சாயங்காலம் திருச்செந்தூர்க் கடற்கரை. கோயிலுக்குக் கூட்டம் அலை மோதியது. நான் வந்தது கடலைப் பார்க்க. 1833இல், இருபத்து நான்கு வயதுப் பனையேறிக் குடும்பத்து இளைஞர் ஒருவர், தீராத நோயோடு இந்தக் கடலுக்குள் இறங்கினார். மூன்றாம் நாள், மாசி 20, வைகுண்டராக எழுந்து வந்தார் என்கிறது அவர் தொடங்கிய அய்யா வழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை. அலையில் முழங்கால் வரை நின்றேன். இழுப்பு பலமாக இருந்தது.

ஐந்தாம் நாள், சாமித்தோப்பு

நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியதும் முதலில் முத்திரிக் கிணறுதான். அய்யா வழிக் கோயிலான பதிக்குப் போகிறவர்கள் இங்கே வந்து தண்ணீர் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாதிக்கொரு கிணறு இருந்த காலத்தில், பதினெட்டுச் சாதியும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளிக்கவும் குடிக்கவும் வைகுண்டர் தோண்ட வைத்த கிணறு. மேலே ஊற்றிக்கொண்டேன், இரண்டு கை குடித்தேன்.

பதி வாசலில் சட்டையைக் கழற்றினேன். அதுவரை தெரிந்ததுதான். தோளில் கிடந்த துண்டைக் கையில் பிடித்தபடி தயங்கி நிற்பதைப் பார்த்துப் பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். நெற்றியில் திருநாமம், புருவ நடுவிலிருந்து மேலே தீபச் சுடர் மாதிரி.

"மக்களே, தலையில கெட்டணும். இங்க ஆம்பளைங்க தலப்பா இல்லாம உள்ள போகக் கூடாது."

"எனக்குக் கட்டத் தெரியாது அய்யா."

"கொண்டா."

துண்டை உதறினார். நுனியை என் இடது காதுக்கு மேல் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பின்னந்தலையைச் சுற்றி, நெற்றிக்குக் குறுக்கே இழுத்து, இறுக்கி, கடைசி நுனியை உள்ளே செருகினார். அவர் விரல் நெற்றியில் பட்டபோது சொரசொரப்பாக இருந்தது. "இப்போ தல நிமிந்துதா?" என்றார். உண்மையிலேயே நிமிர்ந்துவிட்டது. இறுக்கிக் கட்டினால் கழுத்தைத் தொங்கப்போட முடியாது.

ஏன் இந்தத் தலைப்பாகை என்று கேட்டேன். வடக்கு வாசல் பக்கம் நிழலில் உட்கார வைத்துச் சொன்னார். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் இவர்கள் முன்னோர் தலையில் துண்டு கட்டக் கூடாது. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் தோளில் கிடப்பதையும் எடுத்துவிட வேண்டும். குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பெண்கள் இடுப்பில் குடம் வைக்கக் கூடாது, மார்பில் சீலை போடக் கூடாது. ஆணுக்குத் தலைவரி வேறு. சீலை போடலாம் என்ற அறிவிப்பு வரவே 1859 ஆகிவிட்டது. அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாமி கும்பிட வா என்று சொன்னார் வைகுண்டர். அதற்காகவும்தான் அவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். வெளியே வந்து 1851 வரை இருந்தார். "தாழக் கிடப்பாரைத் தற்காக்கிறதுதான் தர்மம், அவ்வளவுதான் மக்களே எங்க வழி" என்றார் பெரியவர். என் மூன்று வருடக் கேள்விக்கு, புதிதாக ஒரு வழி ஏன் பிறக்கிறது என்பதற்கு, இதைவிட நேரான பதிலை நான் எங்கும் படித்ததில்லை.

கருவறைக்கு முன்னால் போனேன். சிலை இல்லை. விளக்குகள், பின்னால் கண்ணாடி. "அய்யா உண்டு" என்று பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கண்ணாடி வைத்திருப்பதற்கு, கடவுள் உனக்குள்ளே இருக்கிறார் என்று விளக்கம் படித்திருக்கிறேன். சரிதான். ஆனால் அந்த இடத்தில் நின்றபோது என் கண்ணில் முதலில் பட்டது முகம் இல்லை, தலைப்பாகை. கண்ணாடியே வீட்டில் இல்லாத ஒரு பனையேறி, ஊருக்குள் துண்டு கட்டினால் அடிபடுகிற ஒருவர், 1830களில் இதே மாதிரி ஒரு விளக்குக்கு முன்னால் வந்து நின்று, தலையில் கட்டோடு தன்னை முதல்முறையாகப் பார்த்திருப்பார். அவர் அப்போது என்ன செய்திருப்பார்? சிரித்திருப்பாரா, அழுதிருப்பாரா? எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் வரிசை நிற்கிறது என்று தெரிந்தும் நகர முடியவில்லை. யாரும் நகரச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் பெரியவர் நெற்றியில் திருநாமம் இட்டுவிட்டார். நான் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்த மதம் என்று கடைசிவரை அவர் கேட்கவே இல்லை. நான்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அகிலத்திரட்டைப் பற்றி, ஏடு வாசிப்பைப் பற்றி, துவையல் பந்தியைப் பற்றி. எதற்கும் முகம் சுளிக்கவில்லை. சிலதற்கு, "எனக்கு அது தெரியாது, அந்தா இருக்காரு பாரு, அவருகிட்ட கேளு" என்று அடுத்தவரைக் காட்டினார்.

பேருந்து வரும் நேரமாயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு, தலைப்பாகையை அவிழ்க்கக் கையைத் தூக்கினேன்.

"இருக்கட்டும் மக்களே. வெயிலுல்லா? கெட்டிக்கிட்டே போ."